விலை கேட்குமுன் படத்தைப் பாருங்கள்

வீவக வீடோ தாமான் வீடோ, வரவேற்பறையில் மங்குஸ்தீன், ரம்புத்தான் என்று பழைய பாணித் தாவரப் படமொன்றை மாட்டுவது இப்போது பலருக்கும் பிடித்திருக்கிறது. சிலருக்கு அது பாட்டி காலத்துச் சொத்து. சிலர் பழம்பொருள் கடையில் வாங்கியிருப்பார்கள். "இது அசலா? என்ன விலை போகும்?" என்ற கேள்வி மட்டும் எல்லாருக்கும் பொது.

நம் வட்டாரப் பழங்களை வரைந்தவர்களில் புகழ்பெற்றவர் பெர்த்தே ஹூலா வான் நூட்டன். கணவரை இழந்தபின் ஜாவாவுக்கு வந்து வாழ்ந்த டச்சுப் பெண்மணி. அத்தீவின் பூக்களையும் பழங்களையும் அவர் வரைந்த 40 படங்கள் 1863 வாக்கில் பிரஸல்ஸில் நூலாக வெளிவந்தன. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கல் வைத்து அச்சிட்ட படங்கள் அவை. பின்னாளில் அவற்றுக்கு மறுபதிப்புகள் ஏராளம். ஓரத்தில் ஓவியர் பெயர் இருப்பதால் மட்டும் படம் அசலாகிவிடாது. மறுபதிப்பில் அந்தப் பெயரும் சேர்ந்தே அச்சாகும்.

அப்படியானால் எப்படிக் கண்டுபிடிப்பது? 10 மடங்கு பெரிதாக்கும் பூதக்கண்ணாடி ஒன்று போதும். நீலம், சிவப்பு, மஞ்சள், கறுப்புப் புள்ளிகள் ஒரே சீராக வரிசைகட்டி நின்றால் அது பிற்கால இயந்திர அச்சு. கல் அச்சில் புள்ளிகள் ஒழுங்கற்று, பல நிறங்களில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும். அடுத்து, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் காகிதத்தின்மேல் அடித்துப் பாருங்கள். காகிதம் நீலவெள்ளையாகப் பளீரென ஒளிர்ந்தால், பெரும்பாலும் அது 1950க்குப் பின் செய்த காகிதம்.

அசல் என்றாலும் விலையை முடிவு செய்வது அதன் நிலைமைதான். சட்டத்துக்குள் அடங்கவில்லை என்று ஓரத்தை வெட்டுவது, லேமினேட் செய்வது, கிழிசலுக்கு ஸெலோடேப் ஒட்டுவது, அழுக்கென்று ஈரத்துணியால் துடைப்பது எல்லாமே நல்லெண்ணத்தில் செய்வதுதான். ஆனால் ஒரு நிமிட வேலையில் படத்தின் மதிப்பில் பெரும்பகுதி போய்விடும். அட்டையில் ஒட்டியிருந்தால் நீங்களே பிய்க்காதீர்கள். காகிதப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் கொடுங்கள்.

நம் ஊரில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டைத் தாண்டும். காகிதத்துக்கு ஏற்றது 50 விழுக்காடு அளவு. ஈரம் கூடினால் பூஞ்சையும் பழுப்புப் புள்ளிகளும் வரும். அதனால் குளியலறைச் சுவர், சமையலறை, வெயில் விழும் இடம், குளிர்சாதனத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் எல்லாம் வேண்டாம். அமிலமில்லாத மவுண்ட் அட்டை வைத்து, படம் கண்ணாடியைத் தொடாதபடி சட்டம் போடச் சொல்லுங்கள். புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இன்னும் நல்லது. சட்டத்தின் பின்புறம் நான்கு மூலையிலும் சிறு ரப்பர் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையே காற்று ஓடும். ஆண்டுக்கு இருமுறை இறக்கி, பின்பக்கத்தில் வெள்ளிப்பூச்சி இருக்கிறதா என்று பாருங்கள்.

மறுபதிப்பு வாங்குவதில் தவறில்லை. மறுபதிப்பின் விலைக்கு வாங்கினால் சரி. 'அசல்' என்று கடைக்காரர் சொன்னால், எந்த நூல், எந்த ஆண்டு அச்சு என்பதை ரசீதிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். அவர் தயங்கினால், பணப்பையைத் திறக்க நீங்களும் தயங்கலாம்.