நாயித்துக்கெழமை "நா" இல்லையாமே!

ஆபீஸ்ல ஆணி ரொம்ப அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியல. மறுபடி எழுத வெச்சது ஒரு எழுத்து. ஒரே ஒரு எழுத்துங்க. "நா".

போன மாசம் எங்க கல்மண்டபத்துல சித்தப்பா பொண்ணு கல்யாண ரிசப்ஷன். மெல்லிசைக் குழு சாப்பிடப் போன கேப்புல தொகுப்பாளர் தம்பி மைக்கைப் பிடிச்சு, "பாட்டுக்குப் பாட்டு ஆடலாமா?"ன்னார். மாப்பிள்ளை வீடு ஒரு கட்சி, நாங்க ஒரு கட்சி. எங்க கட்சிக்கு முன்வரிசையில யாருன்னா, எங்க ஆயா.

ஆயாவைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடறேன். பள்ளிக்கூடம் பக்கம் போனதில்ல. காசிமேட்டுல மீன் வித்து எங்கப்பாவைப் படிக்க வெச்சாங்க. பாட்டெல்லாம் டீக்கடை ரேடியோவுலயும் தியேட்டர்லயும் கேட்டுக் கேட்டே மனப்பாடம். தண்டையார்பேட்டை அகஸ்தியாவை 2020ல மூடினப்போ சொந்தக்காரங்க யாரோ போன மாதிரி உக்காந்திருந்தாங்க.

ஆட்டம் நல்லாத்தான் போச்சு. "நான்"னு தொடங்குற பாட்டையெல்லாம் ரெண்டு கட்சியும் தின்னு தீர்த்தாச்சு. அப்போ எதிர்க்கட்சி பாடின வரி "னா"ல முடிஞ்சது. தம்பி யோசிக்கவே இல்ல, "நா... நா... பொண்ணு வீடு, நா!"ன்னார். நாங்க முழிக்கிறோம். ஆயா தொண்டையைச் செருமிட்டு, காக்கும் கரங்கள் (1965) படத்துல டி.எம்.எஸ்.ஸும் சுசீலாவும் பாடின அந்த ஞாயிறு பாட்டை எடுத்து விட்டாங்க. ஆயா வாய்ல அது "நாயிறு". மண்டபமே கைதட்டிச்சு.

தம்பி போனைப் பார்த்தார். அதுல எழுத்து வாரியா பாட்டு லிஸ்ட் இருக்கு போல. "பாட்டி, அது ஞா. நா இல்ல. சாரி, பாயின்ட் கிடையாது." பின்னாடி யாரோ "வடசென்னைத் தமிழ்டா மச்சி"ன்னு சொல்ல, கொஞ்சம் பேர் சிரிச்சாங்க. ஆயாவும் கூடச் சேர்ந்து சிரிச்சாங்க. அப்புறம் பாடல.

வீட்டுக்கு வர்றப்போ ஆட்டோவுல என்கிட்ட கேட்டாங்க: "இன்னா கண்ணு, நாயித்துக்கெழமை நா இல்லியாமே? அப்போ இன்னாதான் அது?"

பி.இ. படிச்சவனுக்குப் பதில் தெரியல. அந்தப் பதிலைத்தான் இப்போ எழுதறேன்.

முதல்ல நியாயமா ஒண்ணை ஒத்துக்கறேன். இசைத்தட்டுல அந்தப் பாட்டு தெளிவா "ஞா"தான். புத்தகப்படி தம்பி சொன்னது சரி. ஆனா மக்களே, அவரே ஒரு நிமிஷம் முன்னாடி என்ன பண்ணினார்? வரி முடிஞ்சது றன்னகரம் "னா"ல. குடுத்தது தந்நகரம் "நா". ரெண்டும் வேற வேற எழுத்து. காதுல ஒண்ணாத்தான கேக்குதுன்னு மாத்திக் குடுத்துட்டார். அவர் காதால ஆடலாம், எங்க ஆயா மட்டும் எழுத்தால ஆடணுமா?

அவர் மேலயும் தப்பில்ல, தமிழ்ல இந்த ஆட்டமே அப்படித்தான். எந்த எழுத்தும் சொல்லுக்கு முதல்ல வரலாம்னு நம்ம மொழியில இல்ல. தொல்காப்பியமும் நன்னூலும் மொழிமுதல் எழுத்துன்னு தனியா ஒரு கணக்கே வெச்சிருக்கு. ட, ண, ர, ல, ழ, ள, ற, ன இந்த எட்டும் தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. ஆனா வரியோட கடைசியில வந்து நிக்கறது யாரு? ன், ல், ள், ர் எல்லாம் இவங்கதான். அதாவது தமிழ்ல பாட்டு முடியற எழுத்துல பெரும்பாலும் அடுத்த பாட்டு தொடங்க முடியாது. இந்தியில இந்தத் தொல்லை கம்மி. "அந்தாக்ஷரி"ன்னாலே கடைசி எழுத்துன்னு அர்த்தம். 1993ல ஜீ டிவியில அன்னு கபூர் நடத்தினப்போ நாடே ஆடிச்சு. அதே விதியை அப்படியே தமிழுக்கு எடுத்துட்டு வந்தா ரெண்டாவது பாட்டுலயே நொண்டும்.

அதனால நாம வீட்டுக்கு வீடு சொந்தமா விதி வெச்சிக்கிட்டோம். "ம்"ல முடிஞ்சா ம, மா, மி எதுவும் ஓகே. ண, ன வந்தா ந. ழ, ள வந்தா ல. அந்த "ல"வே தமிழ்ச் சொல்லுக்கு முதல்ல வராது. லேசா, லட்சம்னு கடன் வாங்கித்தான் பாடறோம். ரொம்ப கறாரா எழுத்துப்படிதான்னு நிக்கறவங்களை ஒண்ணு கேக்கறேன். பழைய வழக்கப்படி ராமனை "இராமன்"னுதான எழுதணும்? அப்போ ராமன் பாட்டெல்லாம் "இ" வரிசையில போடுவீங்களா? மாட்டீங்க. "ரா"ன்னுதான் பாடுவீங்க. ஆக எல்லாருமே காதாலதான் ஆடறோம்.

ஞாயிறு கதைக்கு வருவோம். முதல் எழுத்து மாறியும் பொருள் மாறலைன்னா அதுக்கு முதற்போலின்னு பேர், பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. ஞ-வும் ந-வும் இடம் மாத்திக்கறது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. நம்ம நண்டு பழைய தமிழ்ல ஞண்டும்கூட. மலையாளத்துல இன்னிக்கும் ஞண்டுதான். நாம "நான்"ங்கறோம், சேட்டன் "ஞான்"ங்கறார். அவர் சொன்னா அழகு, ஆயா சொன்னா காமெடியா? என்னங்க நியாயம் இது!

இதே ஆட்டத்தை ஜப்பான்காரங்க எப்படி ஆடறாங்கன்னு பார்த்தா இன்னும் சுவாரஸ்யம். "ஷிரிடோரி"ன்னு பேரு, வாலைப் பிடிக்கறதுன்னு வெச்சுக்கலாம். ஒருத்தர் சொன்ன சொல்லோட கடைசி ஒலியில அடுத்தவர் தொடங்கணும். அவங்க மொழியில "ன்" ஒலியில எந்தச் சொல்லும் தொடங்காது, அதனால "ன்"ல முடியற சொல்லைச் சொன்னவர் தோத்தார். கரோக்கேயில சொல்லுக்குப் பதிலா பாட்டு வெச்சும் ஆடறாங்க. நாம அந்த விதி வெச்சா நம்ம சினிமாப் பாட்டுல பாதிக்கு மேல பாடின உடனே அவுட்டாயிடும், ஹிஹி. நான் இங்க கவனிச்ச விஷயம் வேற. அவங்ககிட்ட ஆயிரக்கணக்குல சித்திர எழுத்து இருக்கு, ஆனா ஆட்டம் அதை வெச்சு இல்ல. ஒலியை எழுதற கானாவை வெச்சுத்தான். அதனால எழுதப் படிக்கத் தெரியாத பொடிசுகூட ஆடுது. க-வுக்கு ஒலி மாறிய "ga" மாதிரி உறவுக்கார ஒலியில தொடங்கலாமா கூடாதான்னும் ஆட்டத்துக்கு முன்னாடியே பேசி வெச்சிக்கறாங்க.

"அப்போ ழகரம், ளகரம் எல்லாம் ஒழியட்டும்னு சொல்றியா?"ன்னு யாராவது வரிஞ்சு கட்டிக்கிட்டு வருவீங்க. இல்லீங்க. பள்ளிக்கூடத்துல அடிச்சு உக்கார வெச்சு சொல்லிக் குடுங்க. பி.எச். அப்துல் ஹமீது இலங்கை வானொலியிலயும் பிறகு சன் டிவியிலயும் பாட்டுக்குப் பாட்டு நடத்தினப்போ, அந்த உச்சரிப்புக்காகவே உக்காந்து கேட்டவங்க எங்க வீட்டுலயே உண்டு. ஆனா அது போட்டி. தயாராகி வந்து மைக் முன்னாடி நிக்கறவங்களுக்கு. கல்யாண மண்டபத்துல, மொட்டை மாடியில ஆடறது உச்சரிப்புப் பரீட்சை இல்ல. நினைவுல இருக்கற பாட்டை வெளிய இழுக்க எழுத்து ஒரு சாக்கு, அவ்ளோதான்.

இங்க ஒரு கொசுவத்தி. 2016 டிசம்பர் 12, வர்தா புயல். நான் அப்போ இன்ஜினியரிங் படிச்சிட்டிருந்தேன். எங்க தெருவுல நாலு நாள் கரண்ட் இல்ல, போன்ல சார்ஜ் இல்ல. ராத்திரி மொட்டை மாடியில மூணு குடும்பம் சேர்ந்து இதே ஆட்டம். தீக்குச்சி வெச்சு பாயின்ட் கணக்கு. படிச்ச பசங்க நாங்க எட்டு பேர் ஒரு கட்சி, ஆயாவும் எதிர்வீட்டு அத்தையும் ஒரு கட்சி. நாலு நாளும் எங்களைத் துவைச்சுக் காயப்போட்டாங்க. ஞாவா நாவான்னு ஒருத்தரும் கேக்கல. ஆயா வாய்ல எது வருதோ அதான் எழுத்து.

இதுல என் பாவமும் ஒண்ணு இருக்கு. ஆபீஸ் டீம் அவுட்டிங்ல ஜெயிக்கணும்னு நானே இப்படி ஒரு லிஸ்ட் செஞ்சு வெச்சிருக்கேன். யூனிகோடு வரிசைப்படி சார்ட் பண்ணது. அதுல ஞ-வுக்கும் ந-வுக்கும் நடுவுல ட, ண, த உக்காந்திருக்கும். மெஷினுக்கு அவங்க சொந்தக்காரங்களே இல்ல. அந்தத் தம்பி போன்ல இருந்ததும் இப்படி ஒருத்தன் செஞ்சதாத்தான் இருக்கும்.

அதனால என் கட்சி இது:

1. மெய்யெழுத்துல முடிஞ்சா அந்த வரிசை முழுக்கத் திறந்து விடணும்.

2. ந-ன-ண-ஞ, ல-ள-ழ, ர-ற, ச-ஸ-ஷ-ஜ இதெல்லாம் ஒரே வீடு. யார் வந்தாலும் கதவைத் திறக்கணும்.

3. சண்டை வந்தா கூடியிருக்கறவங்க காது தீர்ப்பு சொல்லட்டும். போனைப் பார்க்கக் கூடாது.

போன ஞாயித்துக்கிழமை வீட்டுல பசங்க ஆட்டம் ஆரம்பிச்சாங்க. "ஆயா வா"ன்னு கூப்பிட்டேன். "நீங்கள்லாம் படிச்சவங்கோ, ஆடுங்க கண்ணு, நான் பாக்கறேன்"னாங்க. கிட்டத்தட்ட 60 வருஷமா அந்தப் பாட்டைப் பாடிட்டிருந்த ஆளு. அன்னிக்கு சாயங்காலமே அந்த லிஸ்டை டெலீட் பண்ணிட்டேன். ஆயா இன்னும் ஆட்டத்துக்கு வரல.

உங்க வீட்டுல என்ன விதி? ழ-வுக்கு என்ன குடுப்பீங்க, ஞ-வுக்கு என்ன குடுப்பீங்க? பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. எல்லாத்தையும் ஆயாவுக்குப் படிச்சுக் காட்டப் போறேன்.

டிஸ்கி: அந்தத் தொகுப்பாளர் தம்பி நல்ல பையன். கடைசியில எங்க ஆயாவுக்குத்தான் முதல்ல ஐஸ்கிரீம் கொண்டாந்து குடுத்தார். கோவம் அவர் மேல இல்ல, லிஸ்ட் மேல.