இருநூறு மணி நேரமும் ஐந்து ஆண்டுகளும்: உப்பளத்திலிருந்து விமானி இருக்கை எவ்வளவு தூரம்?

வயதை மட்டும் வைத்துப் பார்த்தால், விமானம் ஓட்டும் தொழிலைப் போலத் தாராளமான தொழில் வேறில்லை என்று தோன்றும். பத்தாம் வகுப்பு தேறிய பதினாறு வயதுப் பிள்ளை பயிற்சி விமானி உரிமம் பெறலாம். 17 வயதில் தனியார் விமானி உரிமம், 18 வயதில் வணிக விமானி உரிமம். அதன்பின் 65 வயது வரை பயணிகளை ஏற்றிப் பறக்கலாம். சாதி என்ற சொல் இந்த விதிகளில் எங்கும் இல்லை. ஆயினும் விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தின் உப்பளங்களிலிருந்து இவற்றை வாசிக்கும்போது, எழுதப்படாத வரிகளே முதலில் கண்ணில் படுகின்றன.

மரக்காணத்தில் உப்புத் தொழில் ஆண்டு முழுவதும் நடப்பதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் பாத்திகளைச் சீர்செய்து, கோடை முழுவதும் உப்பு வாரி, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் எல்லாம் நின்றுவிடும். வேலையில்லாத அந்த மாதங்களுக்காக உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு வழங்கும் நிவாரணம் 5,000 ரூபாய். வணிக விமானி உரிமம் பெற இந்தியாவில் இன்று 40 முதல் 60 லட்சம் ரூபாய் வரை ஆகிறது. குறைவாக 45 லட்சம் என்றே வைத்துக்கொள்வோம். கட்டாயமான 200 மணி நேரத்தால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு 22,500 ரூபாய். நாள் கூலி 500 ரூபாய் என்று கொண்டாலும், ஒரு மணி நேரம் பறக்க 45 நாள் உப்பு வார வேண்டும். உரிமம் கைக்கு வந்த பிறகு, குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான தகுதிப் பயிற்சிக்கு மேலும் பதினைந்து, இருபது லட்சம். அது இல்லாமல் வேலை கிடைப்பது அரிது.

ஏழை வீடுகளில் பெருஞ்செலவுகளைச் சமாளிக்கும் வழி ஒன்று உண்டு: சீட்டுக் கட்டி, கொஞ்சம் கொஞ்சமாய்ச் சேர்த்து, பத்து ஆண்டானாலும் முடிப்பது. வீடு அப்படித்தான் எழும்புகிறது, கல்யாணம் அப்படித்தான் நடக்கிறது. விமானப் பயிற்சியில் அந்த வழி அடைபட்டிருக்கிறது. உரிமத்துக்கு விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்தைய ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த 200 மணி நேரமும் பறக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது விதி. பணம் தீர்ந்து இடையில் நின்றுபோனால், பறந்த நேரமும் செலவழித்த பணமும் பழையதாகிக் கழிந்துவிடும். பாதுகாப்புக்கு இவ்விதி தேவை என்பதில் நமக்கு ஐயமில்லை. வயது வரம்பு யாரையும் வெளியே தள்ளுவதில்லை. மெதுவாகச் சேமிப்பவரை வெளியே தள்ளுவது இந்த ஐந்தாண்டுக் கணக்கே.

அப்படியானால் கடன்? வங்கிகளின் கல்விக் கடன் திட்டத்தில் 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்கப்படும். மரக்காணத்தின் உப்பளங்கள் மத்திய அரசு நிலத்திலும் தனியார் நிலத்திலும் பரந்து கிடக்கின்றன. அவற்றில் உப்பு வாருபவருக்கு அந்த மண்ணில் ஒரு பாத்திகூடச் சொந்தமில்லை. எஞ்சியிருப்பது குடியிருக்கும் வீடு. 2013 ஏப்ரல் 25 அன்று மரக்காணத்தில் தலித் வீடுகள் கொளுத்தப்பட்டதை இத்தளத்தின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை.

மத்திய சமூக நீதி அமைச்சகத்தின் பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி பயிற்சியும் இருக்கிறது. ஆனால் தனியார் பறக்கும் கழகங்களில் பயில்வோருக்கு அது தரும் உச்சத் தொகை ஆண்டுக்கு 3.72 லட்சம். நாம் மேலே போட்ட கணக்கில் இது பன்னிரண்டில் ஒரு பங்கு. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில் இட ஒதுக்கீடு உண்டு. இட ஒதுக்கீடு இருக்கையைத் தரும். அந்த இருக்கைக்கான பல லட்சங்களைத் தராது.

பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை அண்மையில் பேசுபொருளானது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி வரை பத்தாம் வகுப்பே போதுமானதாக இருந்தது. கலை, வணிகவியல் மாணவர்களுக்கும் வழி திறக்க விமானப் போக்குவரத்து இயக்குநரகம் ஆலோசிப்பதாக 2025இல் செய்தி வந்தது. நல்லதுதான். முதல் குரூப் 'உனக்கு வராது' என்று திருப்பி அனுப்பப்படும் பிள்ளைகள் எந்தத் தெருவினர் என்பது நமக்குத் தெரியும். ஆனால் கட்டணம் அப்படியே இருக்க, பாடத் தகுதி மட்டும் தளருமானால், பணமுள்ள வணிகவியல் மாணவருக்கே அதன் பயன் போய்ச் சேரும்.

செய்ய முடியாத காரியம் இது என்று யாரும் சொல்ல வேண்டாம். கேரள அரசு 'விங்ஸ்' திட்டத்தின் வழியே பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களைத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி அகாடமியில் தன் செலவில் விமானிப் பயிற்சிக்கு அனுப்பியது. ஒடிசாவின் மல்கான்கிரியைச் சேர்ந்த பழங்குடிப் பெண் அனுப்ரியா லக்ரா, போலீஸ் ஹவில்தாரின் மகள், பொறியியல் படிப்பை 2012இல் கைவிட்டுப் பயிற்சியில் சேர்ந்தவர், 2019இல்தான் துணை விமானி ஆனார். அந்த ஏழு ஆண்டுகளைக் கவனிக்க வேண்டும். மாதச் சம்பளம் வரும் வீட்டுக்கே அத்தனை காலம் பிடித்தது.

இருக்கை கிடைத்த பின்னும் கணக்கு முடிவதில்லை. 2025 ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த தலித் பயிற்சி விமானி ஒருவர், குருகிராமில் நடந்த கூட்டமொன்றில் இண்டிகோ அதிகாரிகள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தியதாகவும் செருப்புத் தைக்கப் போகச் சொன்னதாகவும் புகார் அளித்தார். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கு பதிவானது. நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது.

தமிழக அரசு, ஆதிதிராவிடர் மாணவர்கள் வெளிநாட்டில் முதுநிலைப் படிப்புப் பயில 36 லட்சம் ரூபாய் வரை வழங்குகிறது. 2024இல் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கான வளர்ச்சிச் செயல்திட்டச் சட்டமும் நிறைவேற்றப்பட்டது. ஆகவே பணமும் இருக்கிறது, சட்டமும் இருக்கிறது. கோவில்பட்டி அருகே பழைய ஓடுதளத்தில் விமானப் பயிற்சி நிறுவனம் அமைக்க டிட்கோ ஒப்பந்தப்புள்ளி கோரியிருந்தது. பொது நிலத்தில் தனியார் நடத்தப்போகும் அப்பள்ளியில் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு முழுக் கட்டண இடங்கள் எத்தனை என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். தகுதிப் பயிற்சியின் செலவும் அதில் அடங்க வேண்டும். தொகை தவணை தவணையாகத் தாமதித்து வருமானால், ஐந்தாண்டுக் கணக்கு அரசின் கோப்புக்காகக் காத்திருக்காது.