கேட்கும் செவி சலுகையா, உரிமையா?

அம்புலன்ஸ் தொழிலாளரும் வேலைநிறுத்தம் செய்யலாமா? இக்கேள்வியை நல்லோர் பலரும் கேட்கின்றனர். உயிருக்குப் போராடும் நோயாளி வீட்டிலே கிடக்க, வண்டி கொட்டிலிலே நிற்பதை எவர் நெஞ்சந்தான் பொறுக்கும்? ஆயினும், அதற்கு முன்னர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுண்டு. அத்தொழிலாளர் தம் குறையை எடுத்துரைத்தபோது அதனைக் கேட்க ஒரு செவி இருந்ததா என்பதே அது.

இங்கிலாந்தின் யோர்க்ஷயர் பகுதியில் 2013ஆம் ஆண்டு நிகழ்ந்ததை நோக்குவோம். அங்குள்ள பொது அம்புலன்ஸ் சேவையில் நிர்வாகம் ஏற்றுக்கொண்ட தொழிற்சங்கங்கள் பல இருந்தன. பெரும்பான்மைத் தொழிலாளர் யுனிசன் சங்கத்தில் இருந்தனர். யுனைட் சங்கம் சிறியது. செலவைக் குறைக்க முற்பட்ட நிர்வாகம், குறுகிய காலப் பயிற்சி மட்டும் பெற்ற உதவியாளரையும் அவசர வண்டிகளில் அமர்த்தத் திட்டமிட்டது. இதனால் நோயாளருக்குத் தீங்கு நேரும் என்று யுனைட் எச்சரித்தது. அவ்வாண்டின் தொடக்கத்திலேயே அச்சங்கத்துக்கு அளித்திருந்த அங்கீகாரத்தை நிர்வாகம் மீளப் பெற்றது. எச்சரித்ததற்கே இத்தண்டனை என்றது சங்கம்; நிர்வாகம் அதனை ஏற்கவில்லை. ஏப்ரல் 2ஆம் நாள் சங்கத்தவர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். சம்பள உயர்வு அன்று அவர்களின் முதற் கோரிக்கையன்று. பேச்சு மேசையில் தாம் இழந்த இருக்கையையே அவர்கள் கேட்டனர்.

சட்டம் அவர்களுக்குத் துணை நிற்கவில்லையா? தொழிற்சங்க அங்கீகாரத்துக்கு வழிகாட்டும் சட்டத்தைப் பிரித்தானியா 1999ஆம் ஆண்டில் இயற்றியது. ஆனால், ஒரு தொழிலாளர் பிரிவுக்கு நிர்வாகம் ஏற்கெனவே வேறொரு சங்கத்தை ஏற்றிருப்பின், இன்னொரு சங்கம் அச்சட்டத்தின் வழியே நுழைதல் அரிது. பெரிய சங்கத்தை ஏற்றுக்கொண்டோம் என்று கூறினாற் போதும். சிறிய சங்கம் முதலாளியின் தயவில் நிற்க வேண்டியதுதான். தந்த கை விரும்பியபோது பறித்துக்கொள்ளக் கூடியது சலுகையேயன்றி உரிமையாகாது.

இந்த வேறுபாட்டைத் தமிழருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. 1957இல் எழுதப்பட்ட பண்டா–செல்வா ஒப்பந்தம் 1958இல் கைவிடப்பட்டதை நாம் அறிவோம். எண்ணிக்கையிற் சிறியோரின் இடம் பெரியோரின் மனநிலையைப் பொறுத்திருக்குமாயின், அவ்விடம் எந்நாளும் உறுதியற்றதே.

நோயாளரின் நிலை என்னவென்று கேட்பீர்கள். 1989இல் பிரித்தானிய அம்புலன்ஸ் தொழிலாளர் நாடளாவிய போராட்டம் நடத்தினர். பொலிசாருக்கும் தீயணைப்புப் படையினருக்கும் உள்ளதுபோலத் தமக்கும் நிலையான சம்பள நியதி வேண்டுமென்பதே அவர்கள் கோரிக்கை. மேலதிக நேர வேலையை அவர்கள் மறுத்தனர். அவசர அழைப்புகளுக்குச் செல்ல ஆயத்தமாகவே இருந்தனர். அரசாங்கமோ இலண்டன் வீதிகளில் இராணுவ வண்டிகளை ஓடவிட்டது. நாற்பது இலட்சத்துக்கும் அதிகமான மக்கள் தொழிலாளருக்காக மனுவில் ஒப்பமிட்டனர். 1990இன் தொடக்கத்திற் சம்பளம் உயர்ந்தது. நியதி மட்டும் கிட்டவில்லை. கடமையுணர்வுள்ள தொழிலாளரைப் பொதுமக்கள் கைவிடுவதில்லை என்பதற்கு இஃது சான்று.

நம் நாட்டிலும் 1999ஆம் ஆண்டிலே கைத்தொழிற் பிணக்குகள் சட்டம் திருத்தப்பட்டது. நூற்றுக்கு 40 பேரேனும் அங்கத்தவராயுள்ள சங்கத்துடன் பேச மறுப்பது நேர்மையற்ற செயலென அத்திருத்தம் கூறுகிறது. நல்ல ஏற்பாடுதான். எனினும் அவ்வளவு ஆட்பலமில்லாச் சங்கத்துக்கு அச்சட்டம் கதவைத் திறப்பதில்லை. 2018 முதல் வடமாகாணத்திலும் 1990 சுவசெரிய வண்டிகள் ஓடுகின்றன. நள்ளிரவில் நம் கிராமத்து ஒழுங்கைக்குள் வரும் அவ்வண்டியின் ஊழியர், பிரேக் பழுதென்றோ மருந்து போதாதென்றோ சொன்னால், அவர் எந்தச் சங்கத்தவர், அதன் தொகை எவ்வளவு என்று எண்ணிய பின்னரா அதனைக் கேட்பது?

உயிர்காக்கும் சேவையில் வேலைநிறுத்தம் கொடியதே. அதனாலேயே அத்தகைய சேவையில் எந்தச் சங்கமும், பெரிதாயினும் சிறிதாயினும், பாதுகாப்புப் பற்றிப் பேசும் உரிமையைச் சட்டம் உறுதிசெய்தல் வேண்டும். பிணக்கு முற்றுமுன் நடுவர் விசாரணையும் வேண்டும். மாரி வெள்ளத்தில் வான்கதவைத் திறக்க மறுத்தவன், குளக்கட்டு உடைந்த பின் மழையைக் குறை கூறுவது எவ்வகையில் நியாயம்? வயலை இழந்த கமக்காரன் அதனை ஏற்கமாட்டான், நாமும் ஏற்கலாகாது.