நம்ம முறை வரும்போது மட்டும் விதி மாறுது

பி.பி.சி. தொலைக்காட்சியின் ‘டாக்டர் ஹூ’ தொடர் 1963 நவம்பர் 23ஆம் தேதி ஆரம்பிச்சது. அறுபது வருஷம் ஆனதைக் கொண்டாட 2023இல் மூன்று சிறப்பு நிகழ்ச்சிகள் போட்டார்கள்: நவம்பர் 25, டிசம்பர் 2, டிசம்பர் 9. பர்மா பஜார் சிடி காலத்திலிருந்து இந்தத் தொடரை விடாமல் பார்த்து வருகிறவன் நான். மூன்றாவது நிகழ்ச்சி என்னைக் கசப்பாக்கிவிட்டது. அதைப் பேசித்தான் ஆகணும்.

“பழவேற்காட்டு ஏரிக்கரையில் குந்திக்கினு வெள்ளைக்காரன் டி.வி. தொடரைப் பத்தி இன்னாத்துக்கு எழுதுறே?” என்று தோழர்கள் கேட்கலாம். நமக்கு டாக்டர் என்றால் ஒருத்தர்தான், அது தெரியும். இந்த டாக்டர் வேறு கிரகத்து ஆள். நீலநிறப் போலீஸ் பெட்டி மாதிரி இருக்கிற டார்டிஸ் என்ற வண்டியில் காலத்தைக் கடந்து போகிறவர். துப்பாக்கியை நம்பாதவர். அவருடைய பெரிய எதிரிகள் டாலெக்குகள். எழுத்தாளர் டெர்ரி நேஷன் நாஜிகளை மனசில் வைத்து உருவாக்கிய கூட்டம் அது. ‘எங்க ரத்தம்தான் சுத்தம், மத்ததெல்லாம் அழியணும்’ என்பதே அதன் ஒரே கொள்கை. தீட்டு என்ற சொல்லோடு வளர்ந்தவனுக்கு டாலெக்கைப் புரிந்துகொள்ள உரை நூல் வேண்டுமா என்ன?

தொடரின் முதல் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பெர்ட், ஒரு யூதப் பெண். முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர். வெள்ளை ஆம்பிளைகள் நிறைந்த கட்டிடத்தில் இந்த இரண்டு பேர் சேர்ந்து தொடங்கி வைத்த வேலை இது. அதற்காக இது சுத்தமான பிரதி என்று சொல்ல வரவில்லை. 1966இல் வந்த ‘செலஸ்டியல் டாய்மேக்கர்’ கதையில் ஒரு வெள்ளை நடிகருக்குச் சீன உடுப்பு மாட்டி வில்லனாக்கினார்கள். கறுப்பின மக்களை இழிவு செய்யும் சொல்லும் அதில் வந்தது. இந்த அழுக்கும் இருந்தது, அதைத் தாண்டி வந்த தடமும் இருந்தது. 2018இல் ரோசா பார்க்ஸ் பற்றி ஒரு கதை வந்தது. அதே வருஷம் 1947 பஞ்சாப் பிரிவினை பற்றி வினய் படேல் எழுதிய கதையும் வந்தது.

ஆனால் என்னை இத்தனை வருஷம் கட்டிப்போட்டது வேறு ஒண்ணு. 1966இல் முதல் டாக்டராக நடித்த வில்லியம் ஹார்ட்னெலுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. தொடரை நிறுத்தாமல் இருக்க ஒரு யோசனை செய்தார்கள். டாக்டர் சாகும் நேரத்தில் அவர் உடம்பே மாறி வேறு ஆளாக எழுந்திருப்பார். பழைய முகம் போனால்தான் புது முகம் வரும். எவ்வளவு பெரிய நடிகரானாலும் முறை முடிந்தால் இறங்கணும். 2010இல் பத்தாவது டாக்டரான டேவிட் டென்னன்ட் போக மனசில்லை என்று அழுதுகொண்டே போனார். அழுதாலும் போனார். 2017இல் முதல் தடவையாக ஒரு பெண், ஜோடி விட்டேகர், அந்த இடத்துக்கு வந்தார். ஆண் ரசிகர்கள் பலர் கத்தினார்கள். ஆனாலும் விதி விதிதான்.

ஏரிக்காரர்களுக்கு இந்த விதி சட்டென்று புரியும். பழவேற்காட்டில் ‘பாடு’ என்று ஒரு ஏற்பாடு உண்டு. நல்ல மீன்பாடு உள்ள இடங்களில் வலை கட்ட முறை வைத்துக்கொள்வார்கள். உன் முறை வந்தால் அந்த இடம் முழுசா உனக்கு. முடிந்தால் வலையைச் சுருட்டிக்கொண்டு அடுத்தவனுக்கு விடணும். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! ஆனால் அது பரம்பரையாகப் பட்டினவர் சமூகத்துக்குள் சுற்றிய முறை. தலித் மீனவர்களையும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்களையும் அந்தப் பட்டியலுக்கு வெளியேதான் வைத்தார்கள். ஒரு முறையின் நேர்மை எப்போது வெளிப்படும்? வெளியே நின்றவன் உள்ளே வரும்போதுதான்.

இனி டிசம்பர் 9க்கு வருவோம். ‘தி கிகிள்’ என்ற அந்த நிகழ்ச்சியில் பதினாலாவது டாக்டராக டென்னன்டே திரும்பி வந்திருந்தார். 1966இன் டாய்மேக்கர்தான் மறுபடியும் வில்லன். அவன் டாக்டரைச் சுடுகிறான். அடுத்து எழுந்திருக்க வேண்டியவர் நிகுடி கட்வா. ருவாண்டாவில் பிறந்து, இனப்படுகொலைக்குத் தப்பிய குடும்பத்தோடு ஸ்காட்லாந்துக்கு வந்து வளர்ந்தவர். ஜோ மார்ட்டின் என்ற கறுப்பினப் பெண் 2020இல் மறைந்திருந்த ஒரு டாக்டராக விருந்தாளி மாதிரி வந்துபோனார். தொடரையே தாங்கும் டாக்டராக வந்த முதல் கறுப்பினக் கலைஞர் கட்வாதான்.

அந்த நேரம் பார்த்து ஐம்பத்தேழு வருஷத்து விதி மாறுகிறது. டென்னன்ட் போகவில்லை. உடம்பு இரண்டாகப் பிரிகிறது. ‘பை-ஜெனரேஷன்’ என்று அதற்கு ஒரு புதுப்பெயர். வெள்ளை டாக்டர் அங்கேயே நிற்கிறார், பக்கத்தில் கறுப்பு டாக்டர். உடுப்பும் இரண்டாகப் பிரிந்ததில் புதியவருக்குச் சட்டையும் டையும் போனது, கால்சட்டை பழையவருக்கு. சிரிப்புக்காகச் செய்தார்களாம். செருப்புப் போடவும் மேல்துண்டு போடவும் அடி வாங்கிய சனத்துக்கு இதில் சிரிப்பு வருமா தோழர்களே?

டாய்மேக்கரைத் தோற்கடித்த பிறகு புதியவரின் வேலையாவது என்ன? பழையவரைக் கட்டிப்பிடித்து, ‘நீ களைச்சிட்டே, ஓய்வெடு’ என்று தேற்றுவது. பிறகு பெரிய சுத்தியலால் டார்டிஸை ஓங்கி அடித்து இரண்டாவது டார்டிஸ் ஒன்றை வரவழைக்கிறார். ஆக ஆளுக்கு ஒரு வண்டி. பழையவருக்குக் கூடுதலாக வீடு, தோட்டம், குடும்பம்.

எழுதிய ரஸ்ஸல் டி டேவிஸ் கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்று நான் சொல்லவில்லை. கட்வாவைத் தேர்ந்தெடுத்ததே அவர்தான். முதல் நிகழ்ச்சியில் திருநங்கை நடிகை யாஸ்மின் ஃபின்னிக்குக் கதையின் முடிச்சையே கொடுத்தார். சக்கர நாற்காலியில் வரும் ரூத் மேட்லிக்குப் பரிதாபம் காட்டாமல் அறிவியல் ஆலோசகர் பதவி கொடுத்தார். பழையவர் ஓய்வெடுத்தால் புதியவர் சுமையில்லாமல் ஓடலாம் என்பது கதை சொல்லும் நியாயம். நல்ல நியாயம்தான். அது இதுக்கு முன்னால் எந்த டாக்டருக்கும் ஏன் தேவைப்படவில்லை? அவர்கள் எல்லாரும் முன்னவரின் காயத்தையும் சுமந்துகொண்டு இடத்தை முழுசாக எடுத்துக்கொண்டவர்கள்தானே? எண்ணம் நல்லதாக இருக்கலாம். அதிகாரம் எந்தப் பக்கம் சாயும் என்பதை எண்ணம் தீர்மானிப்பதில்லை, பழக்கம் தீர்மானிக்கிறது.

இந்தப் பழக்கத்தை நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டதும் 1996இலிருந்து 2006 வரை தேர்தலையே முடக்கினார்கள். ஜெயித்தவர்களை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். மேலவளவில் பதவியை விட்டுக்கொடுக்காத முருகேசனை 1997 ஜூன் 30 அன்று வெட்டிக் கொன்றார்கள். டி.வி. கதையையும் அந்தக் கொலையையும் ஒரே தராசில் வைக்கிற அளவுக்கு நான் அறிவுகெட்டவன் இல்லை. ஆனால் கொலை நடக்காத ஊர்களையும் பாருங்கள். நாற்காலியில் நம்ம ஆள், முத்திரையும் கணக்குப் புத்தகமும் முன்னாள் தலைவர் வீட்டில். இரண்டு தலைவர், ஆளுக்கு ஒரு டார்டிஸ். அந்தக் காட்சியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்தது இந்த ஊர்கள்தான்.

கட்வா பிரமாதமாக நடித்தார், அவர்மேல் குறை இல்லை. எட்டெட்டு அத்தியாயமாக இரண்டு பருவமும், இரண்டு கிறிஸ்துமஸ் நிகழ்ச்சிகளும் முடித்து 2025 மே 31 அன்று இறங்கினார். அவருக்கு மட்டும் ஓய்வுத் தோட்டம் கிடையாது. பழைய விதி அவருக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. கதைப்படி டென்னன்டின் டாக்டர் இன்னும் அந்த வீட்டில்தான் இருக்கிறார், வாசலில் வண்டியோடு.

மாணவத் தோழர்கள் பலர் இன்று குறும்படம் எடுக்கிறீர்கள், அறிவியல் கதை எழுதுகிறீர்கள். ‘நம்ம ஆள் திரையில் வந்தாரா’ என்பதோடு கேள்வியை நிறுத்திவிடாதீர்கள். வந்தவருக்கு இடம் முழுசாகக் கிடைத்ததா, முன்னாடி இருந்தவர் இறங்கினாரா என்று கேளுங்கள். காலத்தையே கடக்கும் வண்டியைக் கற்பனை செய்ய முடிந்தவர்களுக்கு, ஒரு வெள்ளைக்காரர் தன் முறை முடிந்து ஒரு கறுப்பருக்காக எழுந்து போவதைக் கற்பனை செய்ய முடியவில்லை. அந்தக் கதையை இனி நாம்தான் எழுதணும்.