மனசுக்கு வைத்தியம் பார்ப்பவருக்கு நம் பாஷை தெரிய வேண்டாமா?

போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் செக்ஷனில் ஒரு விபத்து நடந்தது. பெரிய விபத்து என்று சொல்வதற்கில்லை. பத்திரிகையில் நாலு வரிகூட வரவில்லை, நானும் அனுப்பவில்லை. தண்டவாளப் பராமரிப்பு வேலையிலிருக்கும் ஒரு கேங்மேன் (இப்போது டிராக் மெயின்டெய்னர் என்று பெயர் மாற்றியிருக்கிறார்கள், சம்மட்டி அதே சம்மட்டிதான்) ஈரத்தில் கால் வழுக்கி, ஜல்லி மேட்டிலிருந்து உருண்டு விழுந்து, தலையில் அடிபட்டு இரண்டு நாள் நினைவில்லாமல் கிடந்தார். ஜோலார்பேட்டைப் பக்கத்துக்காரர். ஐம்பதை நெருங்கும் வயது. நான் அவரை ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவேன்.

உயிருக்கு ஆபத்தில்லை. ஸ்கேனில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் மறுபடி லைனுக்குப் போக வேண்டுமானால் ‘பிட்’ சர்டிபிகேட் வேண்டும். தலையில் அடிபட்டவர் என்பதால் ஞாபகசக்தியும் கவனமும் எப்படி இருக்கின்றன என்று மனோதத்துவ சோதனை செய்து வரச் சொன்னார்கள். பெங்களூரில் ஒரு வெளி மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். பெயர் வேண்டாம். நிம்ஹான்ஸ் அல்ல, வேறொன்று. துணைக்கு நான் போனேன்.

இந்த ஞாபகசக்தி சோதனையைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினைந்து சொற்களை ஒருவர் நிதானமாகப் படிப்பார். படித்து முடித்ததும் நோயாளி நினைவில் நின்றதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். அதே பட்டியலை ஐந்து முறை படிப்பார்கள். ஒவ்வொரு முறையும் எத்தனை சொல் கூடுகிறது என்று கணக்கு வைப்பார்கள். அரை மணி கழித்து மறுபடி கேட்பார்கள். கேட்பதற்கு விளையாட்டு மாதிரி இருக்கும். உலகமெங்கும் நடப்பது இதுதான். நல்ல சோதனை என்றுதான் சொல்கிறார்கள்.

எங்கள் அண்ணனுக்கு அந்தப் பதினைந்து சொற்களும் ஹிந்தியில் படிக்கப்பட்டன. பாதியில் அவர் விழிப்பதைப் பார்த்துக் கன்னடத்துக்கு மாற்றினார்கள். அண்ணனுக்குக் கன்னடம் தெரியும். காய்கறி வாங்கவும், மேஸ்திரியிடம் லீவு கேட்கவும் தெரியும். ஆனால் பதினைந்து சொற்களைக் காதில் வாங்கி, மனசுக்குள் அடுக்கி, அரை மணி வைத்திருந்து எடுத்துக் கொடுக்கிற கன்னடம் அவரிடம் இல்லை. நான்கு சொல் சொன்னார். ஐந்தாவது முறையும் ஐந்தைத் தாண்டவில்லை. ‘ஞாபகசக்தி வெகுவாகக் குறைந்திருக்கிறது’ என்று ரிப்போர்ட் வந்தது.

சம்பளத்துக்குப் பங்கம் வராது என்று எனக்குத் தெரியும். பணியிலிருக்கும்போது ஊனமுற்றவரை வேலையைவிட்டு நீக்கவோ பதவியில் இறக்கவோ கூடாது என்று 2016-ஆம் வருஷச் சட்டம் சொல்கிறது. பி-1 தகுதி போனால் கீழ்த் தகுதிக்கேற்ற வேறு வேலை கொடுத்தாக வேண்டும். அதை அவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. “தம்பி, எனக்குப் புத்தி மங்கிப் போச்சுன்னு எழுதியிருக்காங்களா?” என்று மட்டும் கேட்டார். வீட்டில் அந்தக் கேள்விக்குப் பதில் அதற்குள் கிடைத்துவிட்டது. அக்கா அவருடைய ஏ.டி.எம். கார்டை வாங்கித் தன் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். மகள் கல்யாணப் பேச்சில் அவரை உட்கார வைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து வேறொரு இடத்தில், முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் ஒரு மாணவியைத் தற்செயலாகச் சந்தித்தோம். தமிழ்ப் பெண். அவர் அண்ணனை உட்கார வைத்து அதே மாதிரிச் சோதனையைத் தமிழில் நடத்தினார். ஐந்தாவது முறை அண்ணன் பதினோரு சொல் சொன்னார். அரை மணி கழித்துப் பத்து. சொல்லிவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார் பாருங்கள், அதை எழுத எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கதை அங்கே சுபமாக முடியவில்லை. கவனத்தைச் சோதிக்கும் மற்றொரு பரீட்சையில், அதில் பாஷைக்கு வேலையே இல்லை, அவர் நிஜமாகவே பின்தங்கினார். ஞாபகம் சரி, வேகம் குறைவு. லைனில் வேகம் குறைந்தவர் நிற்கக்கூடாது. வண்டி வருகிறது என்று விசில் ஊதினால் சாமானைத் தூக்கிக்கொண்டு ஒதுங்க எத்தனை நொடி கிடைக்கும் என்பது கேங்கில் இருப்பவருக்குத் தெரியும். ஆகவே அவர் இப்போது ஆபீஸில் இருக்கிறார், அதற்கு அவரும் சம்மதித்துவிட்டார். தவறான பாஷையில் எடுத்த சோதனை நல்லவரைக் கெட்டவராக்கும் என்று மட்டும் நினைக்கக்கூடாது. ‘பாஷை தெரியாததால் மார்க் குறைந்தது’ என்று தள்ளிவிட்டு, உண்மையான குறையைக் கவனிக்காமல் ஒரு மனிதரைத் தண்டவாளத்துக்கு அனுப்பிவிடவும் கூடும்.

அந்த மாணவியிடம் நான் கேட்டேன்: “தமிழில் ஒரு நல்ல பட்டியல் செய்து எல்லா மருத்துவமனைக்கும் கொடுத்துவிட வேண்டியதுதானே?” அவர் சிரித்தார். சொற்களை மொழிபெயர்த்தால் போதாதாம். ஒரு பாஷையில் சின்னச் சொல்லாக இருப்பது மற்றொன்றில் நீளமாக இருக்கும்; ஒன்றில் அன்றாடம் புழங்குவது மற்றொன்றில் புத்தகச் சொல்லாக இருக்கும். பிறகு நூற்றுக்கணக்கான சாதாரண ஜனங்களிடம், படித்தவர், படிக்காதவர், இளைஞர், முதியவர், ஆண், பெண் எல்லாரிடமும் நடத்திப் பார்த்து, இந்த வயதில் இந்தப் படிப்பில் இத்தனை சொல் சொன்னால் சரி என்று அளவு கட்ட வேண்டும். 2004-ல் நிம்ஹான்ஸ் வெளியிட்ட நரம்பு மனோதத்துவ சோதனைத் தொகுப்பு அப்படித்தான் உருவானது. ஷோபினி ராவும் அவருடைய சகாக்களும் வயது, பால், கல்வி என்று பிரித்து அளவு கட்டினார்கள். பள்ளிக்கூடமே போகாதவருக்குத் தனி அளவு. அந்த ஒரு காரியத்துக்காகவே அவர்களைக் கும்பிடலாம்.

“நீங்கள் அதைத் தமிழில் செய்யலாமே?” என்றேன். “ஆசைதான் சார். என் கைடுக்கு அது சப்ஜெக்ட் இல்லை” என்றார்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் இந்தக் கட்டுரை.

டாக்டர் பட்டப் படிப்பு எப்படி நடக்கிறது என்பது நம்மைப் போன்ற பத்தாவது தேறியவர்களுக்குத் தெரிவதில்லை. மாணவர் தனக்குத் தோன்றியதை ஆராய முடியாது. ஒரு பேராசிரியர் அவரை ஏற்றுக்கொள்ள வேண்டும். பேராசிரியர் எதில் நிபுணரோ, பெரும்பாலும் அதையொட்டித்தான் ஆராய்ச்சி அமையும். ஆகவே ஒரு துறையில் யார் யார் இருக்கிறார்கள், ஒவ்வொருவருக்கும் எது தனித்துறை என்ற பட்டியல் வெறும் விளம்பரமில்லை. இன்னும் பத்து வருஷத்தில் எந்த நோயாளிக்கு நல்ல கருவி கிடைக்கும், எவருக்குக் கிடைக்காது என்பது அதில் எழுதியிருக்கிறது.

நம் ஊரிலேயே பாருங்கள். 1954-ல் இங்கே அகில இந்திய மனநல நிலையம் வந்தது. அடுத்த வருஷமே மருத்துவ மனோதத்துவத்தில் டிப்ளமா வகுப்பு தொடங்கியது. 1974 டிசம்பரில் பழைய மனநல மருத்துவமனையோடு இணைந்து நிம்ஹான்ஸ் ஆயிற்று. அந்தத் துறையில் இருந்தவர்களின் நாட்டம் எப்படி ஜனங்களின் வாழ்க்கைக்கு வந்து சேர்ந்தது என்பதற்கு உதாரணம் பல. மாளவிகா கபூர் குழந்தைகளின் மனநலத்தை எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூட ஆசிரியர்களையும் அதில் ஈடுபடுத்த வேண்டும் என்ற எண்ணம் வேரூன்றியது. மனோஜ் குமார் சர்மா செல்போன், கம்ப்யூட்டர் மோகத்தை எடுத்துக்கொண்டார். 2014-ல் அதற்கென்றே தனி கிளினிக் வந்தது. சி.ஆர். முகுந்தன் மூளையின் மின்னலைகளை ஆராய்ந்தார். அதிலிருந்து வந்த சோதனை கோர்ட்டு வரைக்கும் போயிற்று. 2008-ல் புனேயில் ஒரு கொலை வழக்குத் தீர்ப்பிலேயே அது இடம்பெற்றது. சம்மதமில்லாமல் எவரையும் இப்படிச் சோதிக்கக்கூடாது என்று 2010 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. இது வேறு கதை, விடுங்கள். பேராசிரியர் அறையில் தொடங்குவது அறையோடு நிற்பதில்லை என்பதற்காகச் சொன்னேன்.

இன்னும் பழைய உதாரணம் ஒன்று. 1930-களில் தார்வாரில் வி.வி. காமத் என்பவர், பிரெஞ்சுக்காரர் பினே உருவாக்கிய புத்திக்கூர்மை சோதனையைக் கன்னடத்திலும் மராத்தியிலும் செய்து, குழந்தைகளிடம் நடத்தி அளவு கட்டினார். ஒரு தனி மனிதரின் அக்கறை. பினே-காமத் சோதனை என்ற பெயரில் இந்த நூற்றாண்டிலும் அதை வைத்து இந்தியாவில் எத்தனையோ குழந்தைகளுக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் கிடைத்திருக்கிறது. காமத் வேறு எதிலாவது நாட்டம் கொண்டிருந்தால்?

இதைக் கன்னடத்துக்கு எதிரான பேச்சு என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். இந்த மண்ணின் சோறு தின்கிறோம். என் பிள்ளை பள்ளியில் கன்னடம் படிக்கிறான்; என்னைவிட நன்றாகப் பேசுகிறான். சென்னையில் வேலை பார்க்கும் மண்டியாக்காரருக்கு நாளை இதே சோதனை தமிழில் நடந்தால் அதுவும் அநியாயம்தான். ஒயிட்பீல்டில் கட்டட வேலை செய்யும் ஒடிசாக்காரர்களின் நிலைமை நம்மைவிட மோசம்.

மாத்திரை எழுதும் மனநல டாக்டர் எம்.பி.பி.எஸ். படித்தவர். மருத்துவ மனோதத்துவ நிபுணர் அப்படியில்லை. அவர் மருந்து எழுத மாட்டார். சோதிப்பதும் பேசுவதும்தான் அவர் கையிலுள்ள வைத்தியம். ரத்தப் பரிசோதனைக்குப் பாஷை வேண்டாம், எக்ஸ்ரேக்கு வேண்டாம். இவருக்கு வேண்டும். ஆனால் நான் பார்த்த துறைக் கையேடுகளில் ஒவ்வொரு பேராசிரியருக்கும் எதிரே பட்டம், தனித்துறை, கட்டுரைகள் எல்லாம் இருக்கின்றன. என்ன பாஷை பேசுவார் என்ற ஒரு வரி இல்லை. குழந்தை, குடும்பம், குடி, மூளைக் காயம் என்று தனித்துறை வகுக்கத் தெரிந்தவர்களுக்கு, ஊர்விட்டு ஊர் வந்தவனின் பாஷையும் ஒரு தனித்துறை என்று தோன்றவில்லையே.

எங்கள் இலாகாவும் யோக்கியமில்லை. உதவி லோகோ பைலட் வேலைக்கு எழுத்துப் பரீட்சையைத் தமிழில் எழுதலாம். அதற்குப் பிறகு வரும் மனோதத்துவ சோதனையில் கேள்விகள் இங்கிலீஷிலும் ஹிந்தியிலும் மட்டும்தான் என்று 2018 அறிவிப்பில் அச்சடித்திருந்தார்கள். ஒவ்வொரு பிரிவிலும் 42 மார்க் வாங்கியாக வேண்டும், எந்த வகுப்பினருக்கும் சலுகையில்லை. லக்னோவில் ஆர்.டி.எஸ்.ஓ.வில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே உட்கார்ந்திருப்பவர்களில் ஒருவருக்காவது இது ஒரு கேள்வியாகப் பட்டால் நல்லது.

2015-16-ல் நிம்ஹான்ஸ் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பு, பெரியவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதாவதொரு மனக்கோளாறு இருப்பதாகச் சொன்னது. நோய்க்கு நோய் வேறுபட்டாலும், நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை வைத்தியமே பெறவில்லை. அதற்கு வெட்கம், பணம், தூரம் என்று காரணம் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அல்சூரிலிருந்தும் ஸ்ரீராமபுரத்திலிருந்தும் லால்பாக் எக்ஸ்பிரஸ் ஏறி, காட்பாடியில் இறங்கி வேலூருக்குப் போகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் நிம்ஹான்ஸை வைத்துக்கொண்டு ஏன் இவ்வளவு தூரம் என்று கேட்டால், “அங்கே மனசைத் திறந்து பேசலாம் தம்பி” என்கிறார்கள். 2022 அக்டோபரில் வந்த டெலி மானஸ் போன் சேவையில், 14416 என்ற நம்பரில், தமிழில் பேசலாம்; இரவு பகல் எந்நேரமும் கிடைக்கும், காசு இல்லை. வாசகர்கள் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போனில் முடிகிறது நேரில் முடியாதா?

ஒரு ஜாக்கிரதையும் சொல்லிவிடுகிறேன். நம் பேட்டைகளில் ‘கவுன்சிலிங்’ என்று போர்டு மாட்டியவர்கள் பெருகிவிட்டார்கள். தமிழ் பேசுகிறாரே என்று மட்டும் பார்த்துப் போய் ஏமாற வேண்டாம். மருத்துவ மனோதத்துவ நிபுணர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றுமில்லை.

நான் கேட்பது பெரிய விஷயமில்லை. கையேட்டில் பேராசிரியர் பெயருக்கு எதிரே அவர் பேசும் பாஷைகளை அச்சடியுங்கள். ஆராய்ச்சி மாணவர் இடங்களில் ஒன்றிரண்டை, புலம்பெயர்ந்தவர்களின் பாஷையில் சோதனைகளை அளவு கட்டுவதற்கென்று ஒதுக்குங்கள். இங்கே கைடு இல்லையென்றால் தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒருவரைக் கூட்டுக் கைடாக வையுங்கள். அளவு கட்ட ஆட்கள் வேண்டுமா? நம் தமிழ்ச் சங்கங்களும் தொழிற்சங்கங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை நூறு பேரைக் கூட்டித் தர மாட்டார்களா? பட்டிமன்றத்துக்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்தவர்கள்தானே.

இதையெல்லாம் இரண்டு துறைத் தலைவர்களுக்குக் கடிதமாக எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். பதில் வந்தால் இதே பக்கத்தில் தெரிவிக்கிறேன். அண்ணனிடம் சொன்னேன். “அந்தப் பொண்ணு படிச்ச பதினஞ்சு வார்த்தையும் இன்னும் ஞாபகம் இருக்கு, வேணும்னா எழுதிக்கோங்க” என்றார். ஏ.டி.எம். கார்டு அவர் சட்டைப் பையில் இருந்தது.