பிரவுன் பெட்டி

கலாசாலை மலரின் தமிழ்ப் பகுதியில் அடுப்பங்கரைச் செய்தி இடம்பெறுதல் தகுமோ என வினவுவார் உளராயின், அவர்க்கு யாம் முதற்கண் ஒரு முன்மாதிரி காட்டக் கடமைப்பட்டுள்ளோம். அமெரிக்க நாட்டின் யேல் கல்லூரி மாணவர் 1836-ஆம் ஆண்டில் தொடங்கிய இலக்கிய இதழ் ஒன்று உண்டு. அதன் 1864-ஆம் ஆண்டுக் கட்டுரையொன்றில், பயிற்சி மேற்கொண்டோர் துறத்தற்குரிய பண்டங்களை ஒருவர் எண்ணிச் செல்கின்றார். தேநீர், காப்பி, 'பை' எனப்படும் பழப் பணியாரங்கள் ஆகியவற்றோடு 'பிரவுன் பெட்டி' என்ற பெயரும் ஆங்கு வருகின்றது. அப்பெயர் முதன்முதல் அச்சேறியது அவ்விடத்தே என்பர் அகராதி நூலார். ஆகவே ஒரு பழம்பெரும் பணியாரத்தின் பிறப்புச் சீட்டே கல்லூரி மலரொன்றில் கிடக்கின்றது. யாம் செய்வது அவ்வழக்கைத் தொடர்வதேயன்றிப் புதுமையன்று.

பெயரைக் கேட்ட தமிழ் மாணவர் சிலர் பழுப்பு நிறத் தகரப் பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொண்டு எம்மை நோக்கி நகைத்தனர். பெட்டி என்பது ஈண்டு எலிசபெத் என்னும் பெண்பெயரின் குறுக்கம். பழுப்பு என்னும் அடை, சுட்ட ரொட்டித்தூளின் நிறத்தைக் கண்டு நன்கு பொருந்துகின்றது. பண்டமோ மிக எளியது. பழைய ரொட்டியை உதிர்த்து வெண்ணெயிற் பிசறி, புளிப்பு ஆப்பிள் துண்டங்களோடு அடுக்கடுக்காய்ப் பரப்பி, சர்க்கரையும் இலவங்கப்பட்டைத் தூளும் தூவி, ரொட்டி சுடும் அடுப்பில் வைத்து வேகவிடுவது. இவ்வளவே. நுண்ணிய மாவுத் தகடு தேய்க்கும் கைத்திறன் இதற்கு வேண்டா. குடியரசுத் தலைவராயிருந்த ரொனால்டு ரேகனின் வெள்ளை மாளிகை மேசையிலும் இஃது இடம்பெற்றதென்பர். ஆயினும் இதன் பிறப்பிடம் மாளிகையன்று. முந்தின நாள் ரொட்டியை வீணாக்க மனமில்லாத குடியானவர் வீடே.

இப்பணியாரம் இன்று அமெரிக்க இல்லங்களில் அருகி வருகின்றது. பனியில் உறைய வைத்த ஆப்பிள் பையைக் கடையில் வாங்கி அடுப்பில் நுழைப்பது எளிதாயிருக்கின்றது. அதனினும் எளிது, சுட்டதையே வாங்கி வருவது. 'அதனால் யாது கேடு? சுவை ஒன்றுதானே!' என்பர் பலர். சுவை ஒன்றன்று என்பது எம் துணிபு. அஃது ஒருபுறமிருக்க, ஒரு வீட்டுப் பணியாரம் ஒழியும்போது அதனோடு சேர்ந்து ஒழிவன எவையென்று அறிந்தாலன்றி, இவ்வினாவிற்கு விடை கூறல் இயலாது.

ஒழிவனவற்றுள் தலையாயது ஆப்பிளே. ஆப்பிள் மரம் விதையினின்று தன் தாயை ஒத்துப் பிறவாது. ஒரு கனியிலுள்ள ஐந்து விதைகளை ஊன்றினால் ஐந்து வெவ்வேறு மரங்கள் எழும்; அவற்றுட் பெரும்பாலானவை வாயில் வைக்கத் தகாத கனிகளைத் தரும். எப்போதோ ஒரு மரம் நற்கனி தருமாயின், அதன் கிளையை வெட்டி வேறொரு மரத்தில் ஒட்டுக் கட்டினாலன்றி அவ்வினம் நிலைபெறாது. ஆதலின், ஒவ்வோர் ஆப்பிள் இனமும் மனிதர் விரும்பும் அளவுமட்டுமே உயிர்வாழ்வது. விரும்புவார் ஒழிந்தால் ஒட்டுக் கட்டுவாரும் ஒழிவர். கடைசி மரம் பட்டுப்போன அன்று அந்த இனமும் உலகினின்று மறையும்.

அமெரிக்கர் ஒரு காலத்தில் சமையலுக்கென்றே தனி ஆப்பிள்களைப் போற்றினர். 'ரோட் ஐலண்டு கிரீனிங்' என்பது பதினேழாம் நூற்றாண்டில் நியூபோர்ட் நகர்ப்புறத்தே தோன்றியது. பச்சை நிறம், கூரிய புளிப்பு. 'நார்தர்ன் ஸ்பை' என்பதன் வரலாறு இன்னும் உருக்கமானது. 1800-ஆம் ஆண்டையொட்டி நியூயார்க் மாநிலத்து ஈஸ்ட் புளூம்ஃபீல்டு என்னும் ஊரில் விதையினின்று முளைத்த அம்மரம், ஒரு கனியும் ஈனாமுன்பே பட்டுப்போயிற்று. ஆயின் அதன் வேரிலிருந்து எழுந்த கன்றுகளை எவரோ எடுத்து வேறிடத்தில் நட்டமையால் அவ்வினம் பிழைத்தது. நட்டபின் காய்க்கப் பத்தாண்டுக்கு மேலும் ஆகும் பிடிவாத மரம் அது. அதற்குக் காத்திருந்த குடியானவர் எதனை எண்ணிக் காத்திருந்தனர்? சுடுகலத்தில் இட்டால் புளிப்பும் மணமும் கெடாது நிற்கும் அதன் இயல்பை எண்ணியே காத்திருந்தனர். எஸ். ஏ. பீச் என்பார் 1905-இல் வெளியிட்ட 'நியூயார்க்கின் ஆப்பிள்கள்' என்னும் இரு பெருந்தொகுதிகளைப் புரட்டுவோர், ஒரு மாநிலத்தில் மட்டும் எத்துணை வகை கனிகள் வழங்கின என்று கண்டு வியப்பர்.

பின்னர் நிகழ்ந்தது யாது? ஐயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹையட் என்பாரின் தோட்டத்தில் தானே முளைத்த கன்றொன்று, வெட்ட வெட்டத் தழைத்து, இனிய கனி தந்தது. மிசூரியிலிருந்த ஸ்டார்க் சகோதரர் நாற்றங்கால் அதன் உரிமையை வாங்கி, 'டெலிஷஸ்' எனப் பெயரிட்டுப் பரப்பிற்று. அதுவே பிற்காலத்து 'ரெட் டெலிஷஸ்'. முதற்கனி நற்கனியே. பின்வந்தோர் ஆண்டுதோறும் மேலும் சிவந்த கிளைகளையே தேர்ந்து தேர்ந்து ஒட்டினர். நிறம் ஏற ஏறச் சுவை இறங்கிற்று, தோல் தடித்தது, சதை மாவாயிற்று. கண்ணுக்கு விருந்தாகிய அக்கனி நெடுங்காலம் அமெரிக்க விளைவில் முதலிடம் வகித்து, 2018-இல்தான் 'காலா' என்னும் இனத்திற்கு அவ்விடத்தை விட்டது. அடுப்பில் வைத்தாலோ இக்கனி சப்பென்று போகும். வீட்டில் ஆப்பிளைச் சமைப்பவர் மிகுந்திருந்தால் இக்கனிக்கு இத்துணை ஆட்சி கிட்டியிராது என்பதே எம் கருத்து. வாங்குவோர் அழகை மட்டும் நோக்கினர். விற்போர் அழகையே கொடுத்தனர்.

இக்கதையில் நமக்கும் ஒரு தொடர்புண்டு. பிலடெல்பியாவினின்று 1904-இல் இந்தியாவிற்கு வந்து, தொழுநோயாளர்க்குத் தொண்டு செய்து, பின்னர் நம் விடுதலைப் போரிலும் சிறை புகுந்த சாமுவேல் ஸ்டோக்ஸ் என்பார், 1916-இல் சிம்லாவை அடுத்த கோட்கட்டில் இந்த டெலிஷஸ் இனத்தையே நட்டார். மலைவாழ் உழவர்க்கு அதனால் விளைந்த நன்மையை எவரும் குறைத்துக் கூற இயலாது, யாமும் கூறோம். ஆயினும் நம் கடைத்தெருவில் ஆப்பிள் என்றாலே சிவப்பும் இனிப்புமே என்ற எண்ணம் வேரூன்றியதற்கு இந்த ஒட்டுக்கிளையும் ஒரு காரணம். ஆப்பிளில் புளிப்பு என்று ஒரு குணம் உண்டென்பதையும், அது குறையன்று என்பதையும் நம்மிற் பலர் அறியார். மாங்காயின் அருமை அறிந்த நாட்டார்க்கு இதனை விரித்துரைத்தல் வேண்டா.

ஈண்டு எம் தோல்வியையும் மறையாது கூறிவிடுகின்றோம். முதன்முறை இப்பணியாரத்தைச் செய்யப் புகுந்தபோது, கையிற் கிடைத்த சிவப்பு ஆப்பிளையும், அன்று காலையிற் கொணர்ந்த மெத்தென்ற ரொட்டியையும் கொண்டு செய்தோம். ஒரு மணி நேரம் கழித்துப் பாத்திரத்தினின்று வெளிவந்தது நோயாளிக்கு ஊட்டும் கூழ். அதனை உண்ட நண்பர் ஒருவர், 'பெட்டி என்றீர்கள்; உள்ளே ஒன்றுமில்லையே' என்றார். அவர் சொன்னது முற்றிலும் உண்மை. இனிப்பு ஆப்பிளும் சர்க்கரையும் வெண்ணெயும் கூடியபோது ஒன்றையொன்று எதிர்த்து நிற்க ஒரு சுவையும் அதில் இல்லை.

ரொட்டியும் பிழையே. ரொட்டி பழையதாதல் ஈரம் உலர்வதால் மட்டும் நேர்வதன்று. சுடும்போது இளகிய மாவுப்பொருள் ஆறிய பின் மீண்டும் இறுகுவதாலும் நேர்வது. அவ்வாறு இறுகிய ரொட்டியின் தூள், கனியினின்று ஒழுகும் சாற்றைப் பருகியும் தன் வடிவம் இழவாது நிற்கும். புதிய ரொட்டியோ உடனே களியாகும். நம் வீடுகளில் பழஞ்சோற்றுக்கும் புதுச்சோற்றுக்கும் வெவ்வேறு பயன் உண்டல்லவா? அதுபோலப் பழைய ரொட்டி புதிய ரொட்டியின் இழிந்த நிலையன்று. அது வேறொரு பண்டம். உணவுப் பொருளில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்கு வரை வீணாகின்றதென அமெரிக்க விவசாய இலாகாவே கணித்துள்ளது. முதல் உலகப்போரின்போது 1917-இல் அந்நாட்டு அரசாங்கம் கோதுமையைச் சேமிக்குமாறு வீடுதோறும் வேண்டிக்கொண்டது. அதற்கு நெடுநாள் முன்பிருந்தே இந்தப் பணியாரம் அவ்வேலையைச் சத்தமின்றிச் செய்து வந்தது.

இரண்டாம் முறை செய்த விதத்தைக் கூறுவோம். பச்சை நிற 'கிரானி ஸ்மித்' ஆப்பிள் நம் பெருநகர்க் கடைகளில் இப்போது கிடைக்கின்றது. அது அமெரிக்கக் கனியன்று. 1868-ஐ ஒட்டி ஆஸ்திரேலியாவில் மரியா ஆன் ஸ்மித் என்னும் மூதாட்டியின் நிலத்தில் முளைத்தது. ஆயினும் புளிப்புக்குக் குறைவில்லை. அதில் ஒரு கிலோ எடுத்துத் தோல் சீவி, விதைக்கூட்டை நீக்கி, கால் அங்குலத் துண்டங்களாக அரிந்தோம். இரண்டு நாட் பழைய ரொட்டியை உதிர்த்து 200 கிராம் தூள் எடுத்து, உருக்கிய வெண்ணெய் 80 கிராமில் பிசறி, வாணலியில் இட்டுப் பொன்னிறம் வரும்வரை வறுத்தோம். நாட்டுச் சர்க்கரை 120 கிராம், இலவங்கப்பட்டைத் தூள் ஒரு சிறுகரண்டி, சாதிக்காய் சிறிது துருவியது, உப்பு ஒரு சிட்டிகை. பாத்திரத்தின் அடியில் தூளில் மூன்றில் ஒரு பங்கு, அதன்மேல் ஆப்பிளிற் பாதியும் சர்க்கரைக் கலவையிற் பாதியும், மறுபடி தூள், மறுபடி ஆப்பிளும் எஞ்சிய சர்க்கரையும், உச்சியில் எஞ்சிய தூள். அரை எலுமிச்சம்பழத்தின் சாற்றைக் கால் கோப்பை வெந்நீரிற் கலந்து, உச்சித் தூளைப் பரப்புமுன் ஊற்றினோம்.

மூடி வைத்து 180 பாகை வெப்பத்தில் 40 நிமிடம். இந்த மூடியே சூட்சுமம். மூடியின்றி வைத்தால் மேலே கருகும், உள்ளே கனி வேகாது. மூடியிருக்கும்போது கனியின் நீராவியே கனியை வேகவைக்கின்றது. பின்னர் மூடியை நீக்கி 15 நிமிடம் வைத்தால் மேற்றூள் மொறுமொறுவென்று சிவக்கும். கத்தியை நுழைத்தால் தடையின்றி இறங்க வேண்டும். இனிப்பு ஆப்பிளன்றி வேறு கிடையாத ஊரில் இருப்போர், சர்க்கரையைப் பாதியாகக் குறைத்து எலுமிச்சைச் சாற்றை இரட்டித்தால் ஓரளவு தேறலாம். ஓரளவே.

'இதற்கெல்லாம் நேரம் ஏது?' என்பர். கையால் செய்யும் வேலை அரை மணிக்கு மேற்படாது. எஞ்சியது அடுப்பின் வேலை. இதனினும் வலிய மறுப்பு ஒன்றுண்டு. பழைய வீட்டுப் பணியாரங்களைப் புகழ்வோரிற் பலர் அவற்றை உண்டவரேயன்றிச் செய்தவரல்லர். அடுப்படியில் வெந்தவர் மற்றொருவர் என்பதே அது. இம்மறுப்பை யாம் தலைவணங்கி ஏற்கின்றோம். ஆகவேதான் இவ்வேண்டுகோளை மாணவியரினும் மாணவரை நோக்கியே விடுக்கின்றோம். பாட்டி செய்தது போல் இல்லையே என்று குறை கூறும் உரிமை, ஒரு முறையேனும் ஒரு கிலோ ஆப்பிளைத் தோல் சீவியவர்க்கே உண்டு. 1896-இல் ஃபேனி ஃபார்மர் தம் பாஸ்டன் சமையற் பள்ளி நூலில், கரண்டியையும் கோப்பையையும் விளிம்பு மட்டமாக வழித்து அளக்குமாறு கற்பித்தார். அதன்பின், கைப்பழக்கம் இல்லாதாரும் சமைக்க முடியாது என்று சொல்ல இடமில்லை.

கடைப் பணியாரத்தையே வாங்குவோரை யாம் பழிக்கவில்லை. ஆயின், அவர் வாங்கும் பையினுள் எந்த ஆப்பிள் இருக்கின்றது என்று அவர் கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. வீட்டில் சுடுபவரோ முதலில் கேட்பது அதனையே. அக்கேள்வி சந்தையில் எழும்வரை கிரீனிங் மரத்தையும் ஸ்பை மரத்தையும் வெட்டாது வைத்திருக்க ஓர் உழவர்க்குக் காரணம் உண்டு. அமெரிக்க அரசாங்கம் நியூயார்க் மாநிலத்து ஜெனிவா நகரில் பல்லாயிரம் ஆப்பிள் மரங்களைப் பேணி வருவது மெச்சத்தக்கதே. மறைந்தன எனக் கருதப்பட்ட பத்து இனங்களை, வாஷிங்டன், ஐடஹோ பகுதிகளின் பாழ்பட்ட தோட்டங்களில் தேடிக் கண்டெடுத்ததாக 2020-இல் ஆர்வலர் சிலர் அறிவித்தபோது யாமும் மகிழ்ந்தோம். ஆயினும் காட்சிச் சாலையில் நிற்கும் மரம் வேறு, அடுப்புக்குக் கனி தரும் மரம் வேறு.

இரண்டாம் முறை செய்த பிரவுன் பெட்டியை, முன்பு நகைத்த அந்நண்பரையே அழைத்து, இளஞ்சூட்டில், மேலே பாலேடு ஊற்றிக் கொடுத்தோம். அவர் ஒன்றும் பேசவில்லை. பாத்திரத்தின் ஓரத்தில் சர்க்கரை பாகாகி ஒட்டியிருந்த தூளைக் கரண்டியாற் சுரண்டிக்கொண்டிருந்தார். மறுநாட் காலையில் எஞ்சியதைக் குளிர்ந்தபடியே பாலோடு உண்டோம். சூடாக இருந்தபோதிலும் அதுவே நன்றாயிருந்தது என்பது எம் வீட்டாரின் முடிவு.