பரணில் கட்டிவைத்த பலகை



வீட்டுக் கடனைப் பற்றி இம்மாதம் எழுதுவதாகச் சென்ற இதழில் சொல்லியிருந்தேன். அதைத் தள்ளிவைக்க வேண்டியதாகிவிட்டது. கிழக்குக் கரையோரத்தில் இருந்து ஒரு தாய் எழுதிய கடிதம் இரண்டு வாரமாக என் மேசையில் கிடக்கிறது. மூன்று தாள், இரண்டு பக்கமும் நிறைய எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார். விஷயத்தை எழுதுவதில் அவருக்குத் தடையில்லை.

அவருடைய மூத்த மகனுக்கு இருபத்திரண்டு வயது. பாடசாலை முடிந்ததும் அறுகம்பையில் வெளிநாட்டார்களுக்கு சேர்பிங் பழக்கிக் கொடுத்துச் சம்பாதித்தவன். பலகையில் குப்புறப் படுத்துக் கையால் தண்ணீரை வலித்துக்கொண்டு போய், அலை தூக்கும் கணத்தில் எழும்பி நின்று சறுக்கி வருவார்களே, அந்த விளையாட்டுத்தான். ஒரு நாள் இரவு மோட்டார் சைக்கிளில் வீடு திரும்பும்போது லொறியொன்றில் மோதுண்டு, இடது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஒன்றரை வருடமாகிறது. இப்போது செயற்கைக் கால் போட்டு நடக்கிறான். பள்ளிக்குப் போகிறான், மாமாவின் கடையில் கணக்குப் பார்க்கிறான். அல்ஹம்துலில்லாஹ் என்று தாய் மூச்சு விட்ட நேரத்தில், "உம்மா, வாற சீசனுக்கு நான் கடலுக்குப் போகப் போறன்" என்றிருக்கிறான்.

அன்றிரவே அவனுடைய பலகையைப் பாயில் சுற்றி, பரணில் ஏற்றிக் கயிற்றால் கட்டிவிட்டார். தகப்பன் கத்தாரில். "உங்கட முடிவு" என்று தொலைபேசியில் சொல்லிவிட்டார். மகன் சண்டை பிடிக்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து உம்மாவோடு தேவைக்கு மேல் ஒரு சொல் பேசுவதில்லை. 2004 டிசம்பர் 26இல் இந்தச் சகோதரியின் தாயையும் தங்கையையும் கொண்டு போனது அதே கடல். "அல்லாஹ் ஒரு அடையாளம் காட்டிவிட்டான், இவனுக்குத்தான் விளங்கவில்லை. நீங்கள் கடலை மறக்கச் சொல்லி எழுதுங்கள். உங்கள் பக்கத்தை அவனும் வாசிப்பான்" என்று கடிதத்தை முடித்திருக்கிறார்.

சகோதரியே, அப்படி எழுத எனக்குக் கை வரவில்லை. மகன் வாசிப்பதாகச் சொன்னீர்கள். ஆனால் இதை நான் உங்களுக்குத்தான் எழுதுகிறேன்.

பெத்தனி ஹமில்டன் என்றொரு பெண்பிள்ளையின் கதையைச் சிலர் அறிந்திருப்பீர்கள், 2011இல் படமாகவும் வந்தது. அமெரிக்காவைச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் கவாய் என்ற தீவுக்காரி. தாய், தகப்பன் இருவருமே அலைச்சறுக்குப் பழகியவர்கள். 2003ஆம் ஆண்டு ஒக்டோபர் 31ஆம் திகதி காலை, 13 வயதில், அலைக்காகக் காத்துப் பலகையில் படுத்திருந்தாள். இடது கை தண்ணீரில் தொங்கிக்கொண்டிருந்தது. 14 அடி நீளமான புலிச்சுறா ஒன்று வந்து, தோளுக்குச் சற்றுக் கீழோடு அந்தக் கையைக் கொண்டு போய்விட்டது. கூட வந்திருந்த தோழியின் தகப்பன், பலகையைக் காலோடு பிணைக்கும் வாரை எடுத்துக் காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டினார். கரைக்குக் கொண்டுவந்து வைத்தியசாலை சேர்ப்பதற்குள் உடம்பின் இரத்தத்தில் 60 சதவீதம் போய்விட்டது. அதே காலையில், அதே வைத்தியசாலையில், அவளுடைய தகப்பனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை செய்ய ஆயத்தமாகியிருந்தது. அவருக்கு ஒதுக்கிய இடத்தில்தான் மகளைக் கிடத்தினார்கள். அந்தத் தகப்பனின் நிலையை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

ஒரு மாதம் நிறையவில்லை. நவம்பர் 26ஆம் திகதி பிள்ளை மறுபடி கடலில் இறங்கினாள். முதல் தடவைகளில் எழும்பி நிற்க வரவில்லை. பிறகு நின்றாள்.

அவர்கள் கிறிஸ்தவர்கள். தன்னைத் தாங்கியது இறைநம்பிக்கைதான் என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். உடுப்பும் பழக்கமும் நம்முடையவையல்ல. அதை அலச நான் வரவில்லை. போட்டிகளையும் சுருக்கமாகவே சொல்கிறேன்: 2004 ஜனவரியில் போட்டிக்குத் திரும்பி, 2005இல் தேசியப் பட்டம் எடுத்தார். 2016இல் பீஜித் தீவில், உலகின் முதல்தர வீராங்கனைகளோடு மோதி மூன்றாமிடம் பெற்றார். நான்கு பிள்ளைகளுக்குத் தாயானார். எல்லாருக்கும் இப்படி வாய்க்காது. உங்கள் மகனுக்குப் பட்டம் தேவையுமில்லை.

என் மனம் நின்ற இடம் வேறு. ஒரு கையால் அலைச்சறுக்கு எப்படி? ஒரு கையால் வலித்தால் பலகை ஒரு பக்கமாகவே திரும்பும். கால்களையும் உதைக்க வேண்டும். பெரிய அலை எதிரே வந்தால், பலகையின் இரண்டு விளிம்பையும் பிடித்து அமுக்கி, அலைக்குக் கீழால் புகுந்து போவதுதான் வழக்கம். ஒரு பக்கத்தை மட்டும் பிடித்து அமுக்கினால் பலகை புரண்டுவிடும். இதற்குத் தகப்பன் என்ன செய்தார் தெரியுமா? மகளின் பலகையின் நடுவில், வலது கைக்குத் தோதாக ஒரு கைபிடி பொருத்திக் கொடுத்தார். தொடக்கத்தில் அவளுக்குக் கொடுத்த பலகையும் முன்னையதைவிட நீளம், தடிப்பு. அது சுலபத்தில் ஆடாது.

அந்தத் தகப்பனுக்குப் பயம் இருந்திருக்காது என்று நான் நினைக்கவில்லை. மகளின் கையைக் கொண்டு போன சுறா அந்தக் கடலில்தான் இருந்தது. அந்தப் பயத்தோடு இருந்துதான் அவர் ஒரு கைபிடியைச் செய்தார். நீங்கள் கயிற்றை எடுத்தீர்கள். இரண்டும் பாசத்தில் வந்ததுதான் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

அடையாளம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதையும் கேட்டுவிடுகிறேன். மகனுடைய கால் போனது தார் றோட்டில், கடலில் அல்ல. றோட்டில் போகாதே என்று அவனை யாராவது தடுத்தீர்களா? கடைக்குப் போகும்போது முச்சக்கரவண்டியில் ஏற்றிவிடுகிறீர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் பயம் காலைப் பற்றியதல்ல, 2004ஐப் பற்றியது. அது உங்கள் காயம், சகோதரி. ஆறாத காயம். அதைச் சிறிதென்று சொல்ல எனக்கு அருகதையில்லை. ஆனால் அந்தக் காயத்துக்கான மருந்தை மகன் குடிக்க வேண்டியிருக்கிறது.

கண் தெரியாத ஸஹாபி இப்னு உம்மி மக்தூம் (ரழி) அவர்களை நினைத்துப் பாருங்கள். வீட்டிலேயே தொழ அனுமதி கேட்டு வந்தவரிடம், பாங்கு கேட்கிறதா என்று வினவி, கேட்கிறதென்றதும் பள்ளிக்கு வரச் சொன்னார்கள் நபி (ஸல்) அவர்கள். அவரைப் பாங்கு சொல்பவராகவும் ஆக்கினார்கள். தாம் பயணம் போகும்போது மதீனாவின் பொறுப்பையே அவரிடம் விட்டுப் போனதுமுண்டு. குறை வந்தவரை மூலையில் உட்கார்த்தி வைப்பது நம்முடைய வழக்கம், அவர்களுடைய வழிமுறையல்ல.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பதும் அவர்கள் கற்றுத்தந்ததே. ஆகவே கட்ட வேண்டியவற்றைச் சொல்கிறேன். முதலில் அவனை வைத்தியரிடமும் இயன்மருத்துவரிடமும் அனுப்பி, கடலில் இறங்கும் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்லச் செய்யுங்கள். அவன் மாட்டியிருக்கும் கால் நடப்பதற்கானது. உப்புத் தண்ணீரும் மணலும் அதன் உலோகப் பாகங்களைத் தின்றுவிடும். தண்ணீருக்கென்று வேறு விதமாகச் செய்த கால்கள் உண்டு, கால் இல்லாமல் முழங்காலில் நின்று அலையில் வருபவர்களும் உண்டு. உடற்குறை உள்ளவர்களுக்கென்றே உலக அலைச்சறுக்குப் போட்டி 2015இல் கலிபோர்னியாவில் தொடங்கியது. நின்று, முழங்காலிட்டு, இருந்து, படுத்து என்று அதில் பிரிவுகள் இருக்கின்றன. மகனுக்கு இது தெரிந்திருக்கலாம், உங்களுக்குத் தெரியட்டும் என்று எழுதுகிறேன்.

எஞ்சிய காலின் தோலைத் தினமும் பார்க்க வேண்டும். அடிப்பக்கம் கண்ணுக்குப் படாது, ஒரு முகக் கண்ணாடியைக் கீழே பிடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சிவப்போ உரசலோ இருந்தால் அன்றைக்குக் கடல் இல்லை. குளித்த பின் ஈரம் உலராமல் செயற்கைக் காலை மாட்டக்கூடாது. வெட்டிய கால் நாட்செல்லச் சுருங்கும், ஆகவே பழைய அளவு கவ்வாமல் போகலாம், மாற்ற வேண்டிவரும். இல்லாத பாதம் சில இரவுகளில் வலிக்கிறது என்று அவன் சொன்னால் மனப்பிராந்தி என்று தள்ளாதீர்கள். அது உண்மையான வலி. வைத்தியரிடம் அதற்கு மருந்துண்டு.

தனியே இறங்கக்கூடாது என்று நீங்கள் நிபந்தனை போடலாம். அது உங்கள் உரிமை. கூட்டாளிமார் இருவராவது தண்ணீருக்குள் கூட இருக்க வேண்டும். முதலில் பெரிய அலைக்குப் போகாமல், பழகுபவர்கள் இறங்கும் பேபி பொயின்டில் தொடங்கட்டும். கட்டளையாகச் சொல்லாமல் கூட இருந்து பேசினால், இதில் எதையும் அவன் மறுப்பான் என்று எனக்குத் தோன்றவில்லை.

இடையில் ஒன்று, மற்ற வாசகிகளுக்கு. இந்தப் பிள்ளை மகளாக இருந்திருந்தால் இப்படியொரு கடிதமே வந்திருக்காது என்று எனக்குப் பட்டது. கால் போன பெண்பிள்ளை என்ன செய்ய ஆசைப்படுகிறாள் என்று கேட்கும் வீடுகள் எத்தனை? கலியாண வீட்டுக்குக்கூடக் கூட்டிப் போகாமல், "பார்க்கிறவர்கள் கதைப்பார்கள்" என்று அறைக்குள் விட்டுப் போகிறோம். கடல் வேண்டாம், அவள் முன்பு போல சைக்கிள் ஓடவோ, தோழிமாரோடு மலை நாட்டுக்குச் சுற்றுலா போகவோ கேட்டால் நம்முடைய பதில் என்னவாக இருக்கும்? இதைப் பற்றி எழுதுங்கள். பெயர் போடாமலும் எழுதலாம்.

பெத்தனியின் கதையில் ஒரு துண்டு மிச்சமிருக்கிறது, சகோதரி. அதை உங்களுக்காகவே கடைசிக்கு வைத்தேன். 2005இல் அவர் தாய்லாந்துக்குப் போனார். சுனாமியில் தப்பிய பிள்ளைகள் அங்கே தண்ணீருக்குக் கிட்டப் போகவே அஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கடலோடு மறுபடி பழக்கிவிட, கடலில் கையை இழந்த ஒரு பெண் உதவினார்.

நீங்கள் கடலில் இறங்க வேண்டாம். 2004க்குப் பிறகு கடற்கரைக்கே போனதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். மகன் முதலில் இறங்கும் நாளில், சுபஹுக்குப் பிறகு, தங்கையையோ பக்கத்து வீட்டுத் தாத்தாவையோ கூட்டிக்கொண்டு, தண்ணீர் எட்டாத தூரத்தில் ஒரு பாயைப் போட்டு இருக்க முடியுமா என்று பாருங்கள். பிளாஸ்கில் தேத்தண்ணி கொண்டு போங்கள், விடியற்காலைக் காற்றில் அவன் நடுங்கிக்கொண்டு வருவான். முடியாவிட்டால் வீட்டிலேயே இருங்கள், அதுவும் குறையில்லை. அந்தப் பலகையில் பழைய மெழுகு தூசி பிடித்துக் கிடக்கும். அதைச் சுரண்டித் துடைப்பதை அவன் பார்த்துக்கொள்வான். பரணில் ஏறி முடிச்சை அவிழ்ப்பது ஒரு காலோடு அவனால் ஆகாது. அதற்கு நீங்கள்தான் ஏற வேண்டும்.

என்ன நடந்தது என்று எனக்கு எழுதுங்கள். வீட்டுக் கடன் விஷயம் அடுத்த மாதம், இன்ஷா அல்லாஹ்.

வஸ்ஸலாம்.